எழுதிக்கொடுத்தால் போதுமா? அமெரிக்க நில அறக்கட்டளைகளும் முடிவில்லாக் காவலும்

2023 ஏப்ரல் 10ஆம் நாள் அமெரிக்க வருமான வரித்துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தம் நிலத்தில் கட்டடம் எழுப்பும் உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுத்து, அதற்காக வரிக்கழிவு கோரிய உரிமையாளர்களின் பத்திரங்களைப் பற்றியது அது. அந்தப் பத்திரங்களில் இரண்டு பிரிவுகள் பிழையாக எழுதப்பட்டிருக்கலாம் என்று கூறி, அவற்றுக்கு மாற்றாக எழுத வேண்டிய வாசகத்தையும் அறிவிப்பு தந்திருந்தது. ஜூலை 24க்குள் திருத்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவும் செய்துவிட்டால், மூலப் பத்திரம் பதிவான நாளிலிருந்தே அந்த வாசகம் இருந்ததாகக் கொள்ளப்படும். தவறவிட்டால் மறு வாய்ப்பு இல்லை.

சட்டப் பிரிவு வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு மூன்று மாத அவகாசம் தாராளம். ஆனால் இத்தகைய பத்திரங்களை வைத்திருக்கும் அமைப்புகளில் பல, சம்பளத்துக்கு ஓர் ஊழியர்கூட இல்லாதவை. ஓய்வுபெற்ற ஆசிரியர், விவசாயி, ஊர் வழக்கறிஞர் என்று சிலர் மாதம் ஒருமுறை கூடி நடத்துபவை. இப்படி ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? அலமாரியில் உள்ள பத்திரங்களில் எவற்றுக்குத் திருத்தம் தேவை என்று யார் படித்துப் பார்ப்பது? வழக்கறிஞர் கட்டணத்தை யார் கொடுப்பது? பயிற்சி, பணம், கொள்கை பற்றிய செய்தி ஆகிய மூன்றும் நிலம் காக்கும் சிறு அமைப்புகளுக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்பதை இந்த ஓர் அறிவிப்பே காட்டிவிடுகிறது.

அமெரிக்காவில் இவற்றை நில அறக்கட்டளைகள் என்கிறார்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவை 1,281. ஒரே ஊரை மட்டும் பார்த்துக்கொள்ளும் சிறு குழு முதல் நாடு முழுவதும் இயங்கும் பெரிய நிறுவனம் வரை எல்லாம் சேர்ந்து காக்கும் நிலம் 6.1 கோடி ஏக்கர். தமிழ்நாட்டின் பரப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. ஆனால் நிலம் கைக்கு வந்த நாளோடு வேலை முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. அந்த நீண்ட வேலைக்கு ஆள், அறிவு, பணம் மூன்றையும் ஏற்பாடு செய்யாமல் ஏக்கர் கணக்கை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் காப்பு காகிதத்தில்தான் இருக்கும். இந்த அமைப்புகளின் நூற்றுமுப்பது ஆண்டு அனுபவம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

ஒரு யோசனையும் ஒரு சட்டக் கருவியும்

சார்லஸ் எலியட் பாஸ்டனைச் சேர்ந்த இளம் நிலத்தோற்ற வடிவமைப்பாளர். நகரம் வளர வளர அதைச் சுற்றியிருந்த மரத்தோப்புகளும் குன்றுகளும் அழிவதைக் கண்டு, 1890இல் ஒரு தோட்டக்கலை இதழுக்குக் கடிதம் எழுதினார். நூலகம் புத்தகங்களையும் அருங்காட்சியகம் ஓவியங்களையும் பொதுமக்களுக்காக வைத்திருப்பதுபோல, அழகான நிலத் துண்டுகளை வைத்திருக்க ஓர் அமைப்பு வேண்டும் என்பது அவர் வாதம். மறு ஆண்டே மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அத்தகைய அமைப்பு ஒன்றுக்குச் சட்டம் இயற்றியது. இன்று ‘தி டிரஸ்டீஸ்’ என்று அறியப்படும் அதைத்தான் 1895இல் தொடங்கிய இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் முன்மாதிரியாகக் கொண்டது.

அந்தக் காலத்தில் நிலத்தைக் காக்க வேண்டுமானால் அதைத் தானமாகப் பெற வேண்டும், அல்லது விலைக்கு வாங்க வேண்டும். 1955இல் நேச்சர் கன்சர்வன்சி என்ற நிலப் பாதுகாப்பு அமைப்பு நியூயார்க் மாநிலத்தின் மியானஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 60 ஏக்கர் வாங்க 7,500 டாலர் கொடுத்தது. திருப்பிச் செலுத்த வேண்டும், திரும்பிவரும் பணம் அடுத்த நிலத்துக்குப் போகும் என்ற நிபந்தனையோடு கொடுத்த கடன் அது. இந்தச் சுழல்நிதி முறை சிக்கனமானதுதான். ஆனாலும் நகரைச் சுற்றியுள்ள பண்ணைகளையும் காடுகளையும் முழுவதுமாக வாங்கி முடிக்க எந்தத் தொண்டு அமைப்பிடமும் பணம் கிடையாது.

இதற்கு வழி காட்டியது பாதுகாப்பு ஈஸ்மென்ட் என்னும் சட்டக் கருவி. நம் ஊர்ப் பத்திரங்களில் வழிநடைப் பாத்தியம், நீர்ப் பாத்தியம் என்று எழுதுவோம் அல்லவா, அதே குடும்பத்தைச் சேர்ந்தது. நிலம் உரிமையாளரிடமே இருக்கும். அவர் உழலாம், மாடு மேய்க்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். மனை பிரித்து விற்கவோ குறிப்பிட்ட அளவுக்கு மேல் கட்டவோ முடியாது. அந்த உரிமையை மட்டும் அவர் தனியே பிரித்து அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுக்கிறார் அல்லது விற்கிறார். நிபந்தனை பதிவேட்டில் ஏறிவிடுவதால் பின்னால் வாங்குபவர் எவரானாலும் அவரையும் கட்டுப்படுத்தும். கட்டட உரிமையோடு நிலத்தின் மதிப்பு எவ்வளவு, அது இல்லாமல் எவ்வளவு என்று மதிப்பீட்டாளர் கணக்கிடுவார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் ஈஸ்மென்ட்டின் விலை.

வில்லியம் எச். வைட் 1959இல் எழுதிய ஆய்வறிக்கை இந்தக் கருவியைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் ஒரு தடை இருந்தது. ஈஸ்மென்ட் என்பது அடுத்தடுத்த இரண்டு நிலங்களுக்கு இடையிலான உறவு. பக்கத்தில் நிலமே இல்லாத ஓர் அமைப்பு அதை வைத்திருப்பதைப் பழைய தீர்ப்புகள் ஏற்கத் தயங்கின. மாநிலங்கள் தனிச்சட்டம் இயற்றி இதை நீக்க வேண்டியிருந்தது. 1981இல் உருவான மாதிரிச் சட்டம் அந்தப் பணியை எளிதாக்கியது. அதற்கு ஓராண்டு முன்பே, ஈஸ்மென்ட் தானத்துக்கான வரிக்கழிவு மத்திய வரிச் சட்டத்தில் நிலையான இடம் பெற்றுவிட்டது. நில அறக்கட்டளைகள் மளமளவென்று பெருகின.

மாரின் பண்ணைகள்

இந்த முறை தரையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கலிஃபோர்னியாவின் மாரின் மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு. கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மாரின் வந்துவிடும். அதன் மேற்குப் பகுதி கடலோரப் புல்மேடுகளும் பால்பண்ணைகளும் நிறைந்தது. 1960களில் அங்கே விரைவுச் சாலைகளும் புதிய குடியிருப்புகளும் வரைபடங்களில் ஏறின. 1970களின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் வேளாண் பகுதியில் 60 ஏக்கருக்கு ஒரு வீடு என்று விதி வகுத்தது. நகரம் நுழைவது தடைபட்டது. ஆனால் பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். பால் விலை கட்டுப்படியாகாத காலத்தில் மனையாகக் கிடைக்கக்கூடிய விலையும் போனால் எதை வைத்துப் பிழைப்பது என்ற அவர்கள் கேள்வி நியாயமானது.

பால்பண்ணை நடத்திய எலன் ஸ்ட்ராஸும் ஈரநில உயிரியலாளர் ஃபிலிஸ் ஃபேபரும் சேர்ந்து 1980இல் மாரின் வேளாண் நில அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். விளைநிலத்துக்கென்றே அமெரிக்காவில் தோன்றிய முதல் நில அறக்கட்டளை அது. பண்ணையாளரும் சூழலியலாளரும் எதிரெதிர் அணியில் நின்ற காலத்தில் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள் என்பது சிறிய செய்தி அல்ல. அறக்கட்டளை கட்டட உரிமையை விலை கொடுத்து வாங்கியது. அந்தப் பணத்தில் கடன் அடைத்தவர்கள் உண்டு. தொழுவத்தைப் புதுப்பித்தவர்கள் உண்டு. ஊரைவிட்டுப் போய்விட்ட உடன்பிறந்தோரின் பங்கை வாங்கிப் பண்ணையைச் சிதறாமல் காப்பாற்றியவர்களும் உண்டு. இன்று 50,000 ஏக்கருக்கு மேல் இந்த ஏற்பாட்டின் கீழ் இருக்கிறது.

ஆனால் காலப்போக்கில் ஒரு புதிய ஆபத்து எழுந்தது. கட்டடம் பெருகாது என்று உறுதியான நிலத்தைச் செல்வந்தர்கள் தேடி வந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, நடுவில் தனி மாளிகை என்ற ஆசைக்கு ஈஸ்மென்ட் உள்ள பண்ணை பொருத்தமாக இருந்தது. பத்திரம் கட்டடத்தைத் தடுத்ததே தவிர, நிலத்தில் விவசாயம் நடந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. மாடு இல்லாத பண்ணையும் பத்திரத்தின்படி காக்கப்பட்ட பண்ணைதான். பிற்காலப் பத்திரங்களில், நிலம் வேளாண் பயன்பாட்டில் தொடர வேண்டும் என்ற நிபந்தனையை அறக்கட்டளை சேர்த்தது. பழைய பத்திரங்களிலும் அதைச் சேர்ப்பதற்கு மீண்டும் பேச்சு, மீண்டும் பணம், மீண்டும் வழக்கறிஞர். முதல் தலைமுறை எதிர்பாராததை அடுத்த தலைமுறை தன் அனுபவத்திலிருந்து கற்று எழுத வேண்டியிருக்கிறது.

காவலின் அன்றாடம்

நம் கோயில் கல்வெட்டுகள் நிலதானத்தைச் சந்திரசூரியர் உள்ளவரை என்று சொல்வதோடு விடுவதில்லை. அதைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும், பன்மாகேசுவரர் போன்ற குழுவின் பெயரால், சொல்கின்றன. காவலரைச் சொல்லாத நிரந்தரம் நிலைக்காது என்ற தெளிவு அதில் இருக்கிறது. அமெரிக்க அறக்கட்டளைகள் இதே தெளிவுக்கு அனுபவத்தின் வழியே வந்து சேர்ந்தன.

ஈஸ்மென்ட் எழுதும்போதே ‘அடிப்படை ஆவணம்’ ஒன்று தயாராகும். அன்றைய நிலையில் நிலத்தில் என்னென்ன இருந்தன என்பதன் பதிவு அது. வேலி, கிணறு, கொட்டகை, பாதை, மரக்கூட்டம், ஓடை எல்லாம் வரைபடத்தில் குறிக்கப்படும். குறிப்பிட்ட இடங்களில் நின்று, எந்தத் திசையை நோக்கி என்ற குறிப்போடு படங்கள் எடுக்கப்படும். உரிமையாளரும் அறக்கட்டளையும் கையெழுத்திடுவார்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒருவர் அந்த ஆவணத்தோடு நிலத்துக்குப் போவார். அதே இடங்களில் நின்று, அதே திசையில் படம் எடுப்பார். எல்லையை நடந்து பார்ப்பார். புதிதாகப் பாதை போட்டிருக்கிறதா, பக்கத்து நிலத்துக்காரர் வேலியை நகர்த்தியிருக்கிறாரா, ஓடையோரம் குப்பை கொட்டியிருக்கிறதா, மரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று குறிப்பார். உரிமையாளரோடு உட்கார்ந்து பேசுவார். நிலத்தை விற்கும் எண்ணம் உண்டா, கொட்டகை கட்டும் திட்டம் உண்டா என்பது பல நேரம் அந்தப் பேச்சில்தான் தெரியவரும். இப்போது செயற்கைக்கோள் படங்களும் ட்ரோன்களும் உதவுகின்றன. ஆனால் வானிலிருந்து பார்த்தாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கால்பட நடந்து பார்க்க வேண்டும் என்று அறக்கட்டளைகளின் தரநெறி சொல்கிறது.

நிலத்தை நேசித்து எழுதிக்கொடுத்தவர் நிபந்தனையை மீறுவது அரிது. சிக்கல் வருவது பெரும்பாலும் அவருக்குப் பின் வாங்கியவரிடமிருந்தும், எல்லையைத் தாண்டிவரும் அண்டை நிலத்தாரிடமிருந்தும்தான். கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற சிற்றூரில் நடந்த வழக்கு இதற்குச் சான்று. ஈஸ்மென்ட் உள்ள நிலத்தைப் பின்னாளில் வாங்கிய உரிமையாளர், இயற்கையான புல்வெளியாக இருந்த இடத்தில் நீர்த்தெளிப்பான்கள் அமைத்து, வெட்டிச் சமன்செய்த புல்தரை வளர்த்தார். புல்லுக்குப் பதில் புல்தானே என்று தோன்றலாம். ஆனால் காட்டுப்புல் விதைவிட்டு, பூச்சிகளும் பறவைகளும் வாழும் வெளி வேறு. வாரம்தோறும் வெட்டப்படும் புல்தரை வேறு. உள்ளூர் அறக்கட்டளை வழக்குத் தொடர்ந்தது. 2015இல் நீதிமன்றம் மீறல் நடந்ததாகத் தீர்ப்பளித்தது. இழப்பீட்டைக் கணக்கிட்ட முறையை மறுபரிசீலனைக்கு அனுப்பினாலும், மீறல் நடந்தது என்பதை 2017இல் மாநில உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. புல்லின் உயரத்துக்காகச் சில ஊர்க்காரர்கள் இத்தனை ஆண்டு நீதிமன்றம் ஏறி இறங்கியதை நான் பெரிதும் மதிக்கிறேன். அன்று விட்டுக்கொடுத்திருந்தால் அடுத்த உரிமையாளர் அதைவிட ஒரு படி கூடுதலாகப் போயிருப்பார்.

இத்தகைய வழக்கு ஒன்றே சிறிய அமைப்பின் கையிருப்பைத் துடைத்துவிடும். அதனால் அறக்கட்டளைகள் தமக்குள் கூடி ‘டெராஃபர்மா’ என்ற காப்பீட்டு நிறுவனத்தை உருவாக்கின. 2013இல் செயல்படத் தொடங்கிய அது, ஈஸ்மென்ட்டைக் காக்க நடத்தும் வழக்கின் செலவை ஏற்கிறது. அதன் உரிமையாளர்கள் காப்பீடு எடுத்த அறக்கட்டளைகளே. வழக்குக்குப் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் மீறத் துணிபவர் தயங்குவார் என்பதும் இதில் அடங்கிய கணக்கு.

கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு

1980இல் பாஸ்டன் வரி வழக்கறிஞர் கிங்ஸ்பரி பிரவுன் தன் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு நாடெங்கும் உள்ள நில அறக்கட்டளைகளைப் பார்க்கப் போனார். ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே சிக்கலோடு தனித்தனியே மல்லுக்கட்டிக்கொண்டிருந்த குழுக்களைக் கண்டார். ஓரிடத்தில் தீர்த்த சிக்கலை இன்னோரிடத்தில் முதலிலிருந்து தீர்க்கத் தொடங்கினார்கள். லிங்கன் நிலக் கொள்கை நிறுவனத்தின் ஆதரவோடு அவர்களை ஒன்றுகூட்டியதன் விளைவாக 1982இல் பிறந்த பரிமாற்ற அமைப்புதான் இன்றைய லேண்ட் டிரஸ்ட் அலையன்ஸ். பயிற்சி வகுப்புகள், ஆண்டு மாநாடு, மாதிரிப் பத்திரங்கள், தலைநகரில் என்ன சட்டம் வருகிறது என்ற எச்சரிக்கை ஆகியவை அதன் வேலை. மாநில அளவிலும் இத்தகைய கூட்டமைப்புகள் உண்டு. பென்சில்வேனியாவின் ‘வீ கன்சர்வ் பிஏ’ வெளியிடும் மாதிரி ஈஸ்மென்ட் பத்திரத்தில் ஒவ்வொரு பிரிவும் ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதற்கு விரிவான விளக்கம் இருக்கிறது. தன்னந்தனியாக வேலை செய்யும் ஓர் ஊர் வழக்கறிஞருக்கு அது அனுபவசாலி ஒருவர் அருகில் உட்கார்ந்து சொல்லித்தருவதற்குச் சமம்.

பயிற்சியை விருப்பத்துக்கு விட்டால் போதாது என்று உணர்த்தியது ஒரு நெருக்கடி. 2003இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் நேச்சர் கன்சர்வன்சியின் நில பரிவர்த்தனைகளைக் கேள்விக்குள்ளாக்கித் தொடர் கட்டுரைகள் வெளியிட்டது. செனட் நிதிக்குழு விசாரணையில் இறங்கியது. ஈஸ்மென்ட்டுக்கான வரிக்கழிவே போய்விடுமோ என்ற அச்சம் எல்லா அறக்கட்டளைகளையும் பிடித்துக்கொண்டது. 1989இலேயே தரநெறி ஒன்று இருந்தது. ஆனால் அதைப் பின்பற்றுகிறார்களா என்று சரிபார்க்க எவரும் இல்லை. 2006இல் தனித்து இயங்கும் தரச்சான்று ஆணையம் அமைந்தது. ஆண்டு மேற்பார்வை நடக்கிறதா, ஒவ்வொரு ஈஸ்மென்ட்டுக்கும் அடிப்படை ஆவணம் இருக்கிறதா, காவலுக்கும் வழக்குக்கும் தனி நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று ஆணையம் ஆவணங்களை வாங்கிப் பார்க்கிறது. இன்று 450க்கும் மேற்பட்ட அமைப்புகள் சான்று பெற்றிருக்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு அமைப்புகள் இன்னும் அதற்கு வெளியே இருக்கின்றன என்பதும் உண்மை. தகுதி இருந்தும் விண்ணப்ப வேலைக்கே ஆள் இல்லாத அமைப்புகளும் அவற்றுள் உண்டு.

பணம் வரும் வழிகள்

மத்திய அரசின் பெரிய ஊற்று, 1965 முதல் நடைமுறையில் உள்ள நில, நீர்ப் பாதுகாப்பு நிதி. கடலடி எண்ணெய், எரிவாயு எடுப்பில் அரசுக்கு வரும் உரிமத் தொகையில் ஒரு பகுதி அதற்குப் போக வேண்டும். ஆண்டுக்கு 90 கோடி டாலர் என்று சட்டம் சொன்னாலும், பல்லாண்டுகள் நாடாளுமன்றம் அதைவிடக் குறைவாகவே ஒதுக்கியது. 2019இல் அந்த நிதி நிரந்தரமாக்கப்பட்டது. 2020இல் வந்த சட்டம் முழுத்தொகையையும் ஆண்டுதோறும் கட்டாயமாக்கியது. இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றிய அந்தச் சட்டத்தின் பின்னால் உள்ளூர் அமைப்புகள் தம் தொகுதி உறுப்பினர்களிடம் ஆண்டுக்கணக்கில் வைத்த வேண்டுகோள்கள் இருக்கின்றன.

விளைநிலங்களுக்கான பணம் வேளாண் சட்டத்தின் வழியே வருகிறது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஈஸ்மென்ட்டுகளுக்காக ஆண்டுக்கு 45 கோடி டாலர் ஒதுக்கியது. 2022இன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் மேலும் 140 கோடி டாலர் சேர்த்தது. பொதுவாக ஈஸ்மென்ட் விலையில் பாதிவரைதான் மத்திய அரசு தரும். மீதியை மாநிலம், ஊராட்சி, நன்கொடையாளர், விலையைக் குறைத்துக்கொள்ளும் விவசாயி என்று பலரிடம் திரட்ட வேண்டும். 2025 தொடக்கத்தில் புதிய நிர்வாகம் முந்தைய ஒதுக்கீடுகளை நிறுத்திவைத்தபோது, ஒப்பந்தம் போட்டுவிட்டுக் காத்திருந்த விவசாயிகளும் அறக்கட்டளைகளும் தவித்தார்கள். ஒரே ஊற்றை நம்பியிருப்பதன் ஆபத்தை அது நன்றாகவே உணர்த்தியது.

உள்ளூர் மக்கள் தாமே விதித்துக்கொண்ட வரிகள் இதைவிட உறுதியாக நிற்கின்றன. மாசசூசெட்ஸின் நான்டக்கெட் தீவு 1983இல் நில வங்கி ஒன்றைத் தொடங்கி, சொத்து கைமாறும்போது 2 விழுக்காடு கட்டணம் விதித்தது. தீவில் மாளிகைகள் பெருகப் பெருக, திறந்தவெளி வாங்கும் பணமும் பெருகும். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் கிழக்கு முனையில் உள்ள ஐந்து நகரங்கள் 1998இல் வாக்கெடுப்பின் மூலம் இதே வழியைத் தேர்ந்தன. மாரின் மக்களும் 2012இல் கால் விழுக்காடு விற்பனை வரி விதித்து, அதைப் பூங்காக்களுக்கும் விளைநிலத்துக்கும் கொடுக்க வாக்களித்தார்கள்.

இந்த ஊற்றுகள் அனைத்திலும் பொதுவான குறை ஒன்று உண்டு. பணம் பெரும்பாலும் நிலத்தையோ உரிமையையோ வாங்குவதற்கே கிடைக்கிறது. வாங்கிய பின் ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு எல்லையை நடந்து பார்ப்பவருக்குச் சம்பளம் தர எந்தத் திட்டமும் ஆர்வம் காட்டுவதில்லை. அரசியல்வாதி நாடா வெட்டித் திறந்துவைக்கவும் நன்கொடையாளர் பெயர்ப்பலகை வைக்கவும் அதில் எதுவும் இல்லை. நல்ல அறக்கட்டளைகள் ஈஸ்மென்ட் பெறும்போதே உரிமையாளரிடமோ ஊரிடமோ ஒரு தொகை கேட்டு வாங்கி மூலநிதியாக வைத்து, வட்டியில் காவலை நடத்துகின்றன. நிலத்தையே இலவசமாகக் கொடுப்பவரிடம் அதைக் காக்கவும் பணம் கேட்பது சங்கடமான வேலைதான். அந்தச் சங்கடத்தைத் தாண்டக் கற்றுக்கொடுப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி.

சலுகையைச் சூறையாடியவர்கள்

2006இல் வரிக்கழிவு விரிவடைந்தது. ஒருவர் தன் வருமானத்தில் 30 விழுக்காடுவரை கழிக்கலாம் என்றிருந்தது 50 விழுக்காடானது. மீதியை எடுத்துச்செல்லும் காலம் 5 ஆண்டிலிருந்து 15 ஆண்டானது. விவசாயத்தையே முதன்மை வருமானமாகக் கொண்டவர் 100 விழுக்காடுவரை கழிக்கலாம். கையில் பணமில்லாமல் நிலம் மட்டும் உள்ள குடும்பங்களுக்கு இது பெரும் உதவி. 2015இல் இது நிரந்தரமானது.

வரி ஆலோசகர்கள் சிலருக்கு இதில் வேறொன்று தெரிந்தது. கூட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, மலிவான நிலத்தை வாங்குவார்கள். பங்குகளை முதலீட்டாளர்களுக்கு விற்பார்கள். இங்கே உல்லாச விடுதி வந்தால் நிலத்தின் மதிப்பு பத்து மடங்கு என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதித்தருவார். உடனே ஈஸ்மென்ட் தானம். முதலீட்டாளர் ஒவ்வொருவரும் தாம் போட்ட பணத்தைப் போலப் பல மடங்கு வரிக்கழிவு கோருவார்கள். நிலத்தைப் பார்த்தே இராத பலர் அதை வைத்துச் சம்பாதித்தார்கள். வருமான வரித்துறை 2016 இறுதியில் இத்தகைய பரிவர்த்தனைகளைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. 2020இல் செனட் நிதிக்குழுவின் இரு கட்சித் தலைவர்களும் சேர்ந்து கண்டன அறிக்கை வெளியிட்டார்கள். 2022 டிசம்பர் இறுதியில் நிறைவேறிய சட்டம், கூட்டு நிறுவனம் கோரும் கழிவு முதலீட்டின் இரண்டரை மடங்கைத் தாண்டினால் கழிவே இல்லை என்றது. குடும்ப நிறுவனங்களுக்கும் மூன்று ஆண்டுக்கு மேல் நிலத்தை வைத்திருந்தவர்களுக்கும் விலக்கு அளித்தது. இந்தச் சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியவர்களில் லேண்ட் டிரஸ்ட் அலையன்ஸும் உண்டு. தன் துறைக்கான சலுகைக்கே எல்லை கட்டு என்று ஓர் அமைப்பு கேட்பது அரிது. பொதுமக்களின் நம்பிக்கை போனால் ஈஸ்மென்ட்டே போய்விடும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆனால் அதற்குள் நேர்மையானவர்களும் காயம்பட்டிருந்தார்கள். மோசடியை முறியடிக்க வரித்துறை எடுத்த ஆயுதங்களில் ஒன்று பத்திர வாசகத்தின் நுணுக்கம். நீதிமன்றம் என்றாவது ஈஸ்மென்ட்டை நீக்க நேர்ந்தால் கிடைக்கும் பணத்தில் அறக்கட்டளையின் பங்கு எவ்வளவு என்ற ஒரு பிரிவு சற்றே மாறி இருந்தாலும் கழிவு முழுவதையும் வரித்துறை மறுத்தது. உண்மையான பண்ணையாளரின் பத்திரமும் மோசடிக்காரரின் பத்திரமும் அந்த அளவுகோலில் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் அதே 2022 சட்டம் சரியான வாசகத்தை வெளியிடுமாறு வரித்துறைக்குக் கட்டளையிட்டது. 2023 ஏப்ரல் அறிவிப்பின் பின்னணி இதுவே.

மேற்பார்வை இல்லாத சலுகை எங்கும் இப்படித்தான் ஆகும். கொலராடோ மாநிலம் தந்த வரிச் சலுகையில் மிகை மதிப்பீடுகள் புகுந்தன. மாநிலம் பிறகு ஏராளமான கோரிக்கைகளை மறுத்ததில் தவறே செய்யாத விவசாயிகளும் கடனில் விழுந்தார்கள். முன்கூட்டியே ஆய்வு செய்து சான்று தரும் முறை அதற்குப் பிறகுதான் வந்தது. மாசசூசெட்ஸில் ஊர் நிர்வாகமும் மாநிலச் சுற்றுச்சூழல் செயலரும் ஒப்புதல் தந்தால்தான் இத்தகைய பத்திரம் செல்லும். தாமதம் ஆகும், ஆனாலும் பொதுப்பணம் செலவாகும் இடத்தில் பொதுவான கண் ஒன்று இருப்பது நல்லது.

யாருக்கான நிலம்?

இந்த அமைப்புகள்மீது நியாயமான விமர்சனம் ஒன்று உண்டு. வருமானம் அதிகமானவருக்கே வரிக்கழிவின் பயன் அதிகம். ஈஸ்மென்ட் உள்ள தனியார் நிலங்கள் பலவற்றில் பொதுமக்கள் நுழைய முடியாது. அதைவிட ஆழமான கேள்வி, காக்கப்படும் நிலம் முன்பு யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது. இதற்கு விடை தேடும் முயற்சிகளில் எனக்கு நம்பிக்கை தருவது வட கலிஃபோர்னியாவில் நடந்தது. 1918 முதல் செம்மரக் காடுகளைக் காத்துவரும் சேவ் தி ரெட்வுட்ஸ் லீக், மென்டசினோ மாவட்டத்தில் தான் வாங்கிய 523 ஏக்கர் காட்டைப் பத்துப் பழங்குடிகளின் கூட்டமைப்பான இன்டர்டிரைபல் சின்கியோன் கானகப் பேரவையிடம் ஒப்படைத்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. ஈஸ்மென்ட் லீக்கிடம் இருக்கிறது. உரிமையும் பராமரிப்பும் அந்த மண்ணின் மக்களிடம். காவல் என்பதற்கு யார் மிகத் தகுதியானவர் என்ற கேள்விக்கு இது நேர்மையான விடை.

சட்டமும் காவலும்

இந்த வரலாற்றில் நமக்கும் ஒரு சட்டத் தொடர்பு இருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் தனிச்சட்டத்தால் நீக்கிய அந்தப் பழைய பொதுச் சட்டத் தடை, 1882ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் அமலான அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தன் நிலத்தின் பயன்பாட்டுக்காக நில உரிமையாளர் அல்லது அனுபவிப்பவர் வைத்திருக்கும் உரிமை என்றே ஈஸ்மென்ட்டை வரையறுக்கிறது. ஒரு குளத்தங்கரைத் தோப்பையோ மேய்ச்சல் நிலத்தையோ மனையாகாமல் காக்க விரும்பும் குடும்பம், பக்கத்தில் நிலமில்லாத ஓர் அறக்கட்டளைக்கு அந்த உரிமையை மட்டும் எழுதிக்கொடுக்க இதில் வழி இல்லை. அந்த வழியைத் திறப்பது பற்றி நம் சட்டமன்றங்கள் பேசத் தொடங்கினால், அமெரிக்க அனுபவத்தின் இரு பக்கங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மதிப்பீட்டைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாத வரிச்சலுகை மோசடிக்காரரை அழைத்துவரும். காவலுக்கு நிதி இல்லாத பத்திரம் அடுத்த தலைமுறையில் செல்லாக் காகிதமாகும்.

எனவே இத்தகைய அமைப்புகளை எடைபோட விரும்புபவர், எத்தனை ஏக்கர் காத்தீர்கள் என்ற கேள்வியோடு நிறுத்தக் கூடாது. கடந்த ஆண்டு எத்தனை நிலங்களை நடந்து பார்த்தீர்கள், பத்திரத்தைப் படித்து விளக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள், நாளை வழக்கு வந்தால் செலவுக்குப் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். அரசு தரும் ஒவ்வொரு நில நிதியிலும் ஒரு பங்கைப் பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் என்று சட்டமே ஒதுக்க வேண்டும். நன்கொடை தருபவர்களும் அதையே கேட்டுக் கொடுக்க வேண்டும். நிரந்தரம் என்ற வாக்கை நம்பி ஒரு விவசாயி தன் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய மனை விலையை விட்டுக்கொடுத்திருக்கிறார். அந்த வாக்கைக் காப்பாற்றும் செலவை அவர் ஊரின் ஓய்வுநேரத் தொண்டர்கள் தலையில் மட்டும் சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ள அரசுக்கும் உரிமை இல்லை, அந்த நிலத்தின் நீரையும் காற்றையும் பயனையும் அனுபவிக்கிற மற்றவர்களுக்கும் உரிமை இல்லை.